வடசேரி மாடியில் சீனப் பேரரசு வகுப்பு: உப்புக்கு முழு மார்க், தேர்வுக்குக் கொஞ்சம் குறைச்சல்

டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்கள் இந்த வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நாகர்கோவில் வடசேரியில் "வரலாறு வகுப்பு, சனி ஞாயிறு மாலை" என்று ஒரு போர்டு மாட்டினால் யார் ஏறி வருவார்கள் என்று நமக்குத் தெரியும். வந்தார்கள். முதல் நாளே ஒரு பையன் எழுந்து, "சாரே, இது குரூப் 2-க்கு வருமா?" என்று கேட்டான். வகுப்பு எடுக்கிற சாரும் மழுப்பாமல், "வராது மக்களே, பணம் திரும்ப வேணும்னா இப்பவே வாங்கிக்கோ" என்றார். சிலர் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மிச்சம் இருந்த கூட்டம் ஒரு தினுசு: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் ஷீட் வியாபாரி, வங்கியில் வேலை பார்க்கிற இரண்டு அக்காமார், அப்புறம் புத்தளம் பக்கம் உப்பளத்துக்குக் கணக்கு எழுதுகிற நான்.

பாடம், சீனப் பேரரசுகள் எப்படி ஆட்சி நடத்தின, அதற்கு எங்கிருந்து காசு வந்தது என்பதுதான். கி.மு. 221-இல் சின் அரசு நாட்டை ஒன்றாக்கியதில் தொடங்கி 1911-இல் சிங் அரசு ஆட்டம் காண்பது வரை. கட்டணம் 1,800 ரூபாய், நோட்ஸ் அதிலேயே சேர்த்தி. நடத்துகிறவர் கல்லூரியில் வரலாறு எடுத்து ஓய்வுபெற்றவர். அந்தப்புரக் கதை, சதிக் கதை எதுவும் சொல்வதில்லை, பெருஞ்சுவரைக்கூட "அதுக்கு ஆன செலவை மட்டும் யோசிங்க" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். ஒவ்வொரு வாரமும் ஒரு வரி, அது யார் தலையில் விழுந்தது, இடையில் யார் எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் கஜானாவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பேரேட்டைப் புரட்டுகிற மாதிரி போகும். கணக்கு எழுதுகிறவனுக்கு இது சொர்க்கம், கதை கேட்க வந்தவர்களுக்குத் தூக்கம் வரும்.

உப்புப் பாடத்துக்காகவே 1,800 கொடுக்கலாம் என்பேன். ஹான் வம்சத்தில் வூதி என்ற அரசர் வடக்கே ஷியோங்னு நாடோடிகளோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டு கஜானாவைக் காலி செய்துவிடுகிறார். நிலவரி விளைச்சலில் முப்பதில் ஒரு பங்குதான், அதை ஏற்றினால் விவசாயி ஓடிவிடுவான். அதனால் கி.மு. 119-ஐ ஒட்டி உப்பையும் இரும்பையும் அரசே எடுத்துக்கொள்கிறது. ஏன் உப்பு என்று சார் கேட்டதும் பதில் எனக்கு வாயில் தயாராக இருந்தது. நெல் எங்கும் விளையும், ஒவ்வொரு வயலுக்கும் ஆள் அனுப்பி அளக்க முடியாது. உப்பு வாருகிற இடம் நாட்டில் சில இடங்கள்தான், அங்கே பாத்திக்கும் அம்பாரத்துக்கும் காவல் போட்டால் முடிந்தது, சாப்பிடாமல் யாரும் இருக்க முடியாது என்பதால் வாங்குகிறவன் தப்பவே முடியாது.

இந்த ஏற்பாட்டை ஓட்டியவர் சாங் ஹோங்யாங், லுவோயாங் நகரத்து வியாபாரி ஒருவரின் மகன். வியாபாரத்தை அடக்க வியாபாரி வீட்டுப் பிள்ளையையே பிடித்தார்கள். அரசர் இறந்த பிறகு கி.மு. 81-இல் நாட்டின் பல பகுதிகளிலிருந்து படித்தவர்களை அழைத்து, இது தொடரவேண்டுமா என்று அரண்மனையில் விவாதம் வைத்தார்கள். படித்தவர்கள் கட்சி சொன்னது: அரசுப் பட்டறையில் வருகிற இரும்புச் சாமான் தரம் கெட்டது, விலையும் அதிகம், ஏழை விவசாயி மறுபடி மரக்கலப்பைக்கே போய்விட்டான், அரசு என்பது மக்களோடு லாபத்துக்குப் போட்டி போடக்கூடாது. அதிகாரிகள் கட்சி சொன்னது: சரி, எடுத்துவிடுகிறோம், எல்லையில் நிற்கிற சிப்பாய்க்கு நீங்கள் சோறு போடுவீர்களா? சார் வகுப்பை இரண்டாகப் பிரித்து இந்த விவாதத்தை நடத்த வைத்தார். வங்கி அக்கா ஒருவர் அதிகாரிகள் பக்கம் நின்று எங்களை அடித்து நொறுக்கிவிட்டார். நிஜத்திலும் ஏறக்குறைய அதே முடிவுதான்: சாராயத்தின் மீதிருந்த அரசு ஏகபோகம் மட்டும் போயிற்று, உப்பும் இரும்பும் அரசிடமே இருந்தன. சாங் ஹோங்யாங் அடுத்த ஆண்டே ஒரு சதி வழக்கில் தலையை இழந்தார், அது வேறு.

தாங் காலத்துக்கு வந்தபோது உப்பு இன்னும் சூடு பிடித்தது. 755-இல் ஆன் லூஷான் என்ற படைத்தளபதியின் கலகம் வெடிக்கிறது, எட்டு வருஷச் சண்டை, குடிக்கணக்குப் பதிவேடுகள் எல்லாம் பாழ். அதுவரை வரி என்பது ஆள் கணக்கு: அரசு நிலம் ஒதுக்கும், வயதுவந்த ஒவ்வொரு ஆணும் தானியம் கொடுக்கவேண்டும், துணி கொடுக்கவேண்டும், வருஷத்துக்கு 20 நாள் சும்மா வேலை செய்யவேண்டும், நம் திருவிதாங்கூரில் ஊழியம் என்றார்களே அந்த வகை. யார் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத நாட்டில் ஆள் கணக்கு வரி எப்படி வாங்குவது? 758-இல் உப்பில் கை வைத்தார்கள். ஒரு அளவு உப்பு 10 காசுக்கு விற்றதன் மேல் 100 காசு ஏற்றி 110 ஆக்கினார்கள். நான் எழுதும் பேரேட்டில் ஒரே நாளில் விலை அப்படி ஏறினால் முதலாளிக்கு மாரடைப்பு வரும்.

பிறகு உப்பு நிர்வாகத்துக்கு வந்த லியூ யான் அதைவிடக் கெட்டிக்காரர். ஊர் ஊராக அரசே கடை வைத்து விற்கும் வேலையை விட்டுவிட்டு, அளத்திலேயே வரியும் சேர்த்து வியாபாரியிடம் மொத்தமாகத் தள்ளிவிடுவது, அதன் பின் அவன் எங்கே கொண்டுபோய் விற்றாலும் அவன் பாடு. ஆள் குறைவு, வசூல் அதிகம். உப்பு வருமானம் வருஷத்துக்கு 4 லட்சம் சரத்திலிருந்து 60 லட்சம் சரத்துக்கு மேல் ஏறியது, சரம் என்றால் ஆயிரம் செப்புக் காசு கோத்தது, மொத்த அரசு வருமானத்தில் பாதி. இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த பரிசு 780-இல் மரண தண்டனை. அதற்குப் பின்னால் இருந்தவர் யாங் யான், அதே ஆண்டில் நிலத்தையும் சொத்தையும் பார்த்து கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இரண்டு தவணையாக வரி வாங்கும் முறையைக் கொண்டுவந்தவர், அந்த முறை நூற்றாண்டுகளுக்கு நின்றது. அவரும் 781-இல் அதே வழியில் போனார். சீனாவில் நிதி அமைச்சராக இருப்பது ஆபத்தான உத்தியோகம்.

உப்பு விலை ஏறினால் கள்ள உப்பு வரும், இதற்குப் பாடமே வேண்டாம். 875 வாக்கில் தொடங்கிய பெரிய கலகத்தின் தலைவன் ஹுவாங் சாவ் ஒரு உப்புக் கடத்தல்காரன். உப்புக் கடத்துகிறவனுக்குப் பாதை தெரியும், ஆயுதம் இருக்கும், ஆள்கட்டு இருக்கும், ஊருக்கு ஊர் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவன் 881-இல் தலைநகர் சாங்கானையே பிடித்தான். கலகம் அடங்கியது, ஆனால் தாங் அரசு நிமிரவில்லை, 907-இல் முடிந்தது. இந்த இடத்தில் தக்கலையிலிருந்து வருகிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கையைத் தூக்கி, "சாரே, நம்ம தலக்குளம் வேலுத்தம்பி 1799-ல ஆள் திரட்டிட்டு திருவனந்தபுரத்துக்குப் போனப்போ கேட்டதுல உப்பு வரியை எடுக்கணும்கிறதும் உண்டுல்லா" என்று ஆரம்பித்தார். அப்புறம் வகுப்பு வேறு எங்கோ போய்விட்டது, திருவிதாங்கூர் அரசு மிளகை ஏகபோகமாக வைத்திருந்தது, தலைவரி, நாஞ்சில்நாட்டு விவசாயிகள் கூடி வரிகொடுக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது என்று ஆளுக்கொன்று பேசினார்கள். சார் நிறுத்தவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்த காசுக்கு மேலாகக் கிடைத்த நாள் அது.

சோங் காலம் நன்றாகப் போனது. சிச்சுவான் பகுதியில் இரும்புக் காசுதான் புழக்கம், ஒரு வண்டிக் காசைக் கொண்டுபோய்த்தான் சரக்கு வாங்கவேண்டும், அதனால் வியாபாரிகள் காசை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு கொடுத்து வாங்கினார்கள், 1024-இல் அரசே அந்தச் சீட்டை அச்சடித்து வெளியிட்டது. அமைச்சர் வாங் அன்ஷியின் சீர்திருத்தம்தான் அக்காமாரைச் சிரிக்க வைத்தது. 1069-இல் அவர் கொண்டுவந்த திட்டம், விதைக்கும் காலத்தில் விவசாயிக்கு அரசே கடன் கொடுக்கும், அறுவடையில் 20 சதவீத வட்டியோடு திருப்பவேண்டும். வட்டிக்காரனிடம் சிக்காமல் இருக்கட்டும் என்பது நல்ல எண்ணம். நடந்தது என்ன? இத்தனை கடன் கொடுத்தாகவேண்டும் என்று மேலிருந்து அளவு வந்தது, கடன் வேண்டாம் என்ற வசதிக்காரன் தலையிலும் கட்டினார்கள், திருப்ப முடியாதவனைப் பிடித்து வைத்தார்கள். "சாரே, இதுக்குப் பேரு டார்கெட், எங்க ஆபீஸ்ல மாசா மாசம் உண்டு" என்றார் ஒரு அக்கா. சீமா குவாங் தலைமையில் எதிர்க்கட்சி 1085-க்குப் பிறகு அதிகாரத்துக்கு வந்து அத்தனையையும் கலைத்தது.

இனி குறைகள். பெரிய குறை, தேர்வு பற்றிய பாடம். சாருக்கு அரசுப் பணித் தேர்வின் மீது ஒரு பக்தி. சுயி அரசு கி.பி. 605 வாக்கில் ஆரம்பித்தது, சோங் காலத்தில் விரிந்தது, 1905-இல் ஒழித்தார்கள், ஏழை வீட்டுப் பிள்ளையும் எழுதி மேலே வரலாம், உலகத்திலேயே இப்படி இல்லை என்று இரண்டு வகுப்பை இதற்கே கொடுத்தார். பல வருஷம் வேலைக்குப் போகாமல் படிக்க யார் வீட்டில் சோறு இருந்தது என்று கேட்டால் சரியான பதில் வரவில்லை. 1397-இல் நடந்த கூத்தை மட்டும் ரசித்தேன்: தேறிய ஐம்பது சொச்சம் பேரும் தெற்கத்திக்காரர்கள், வடக்கே கொந்தளிப்பு, மிங் அரசர் ஜூ யுவான்ஜாங் விடைத்தாள் திருத்தியவர்களில் சிலரைக் கொன்று, மறுபடி தேர்வு வைத்து, தேறியவர்கள் எல்லாரையும் வடக்கத்திக்காரர்களாகவே எடுத்தார். அதன் பிறகு 1420-களில் தெற்குக்கு 60, வடக்குக்கு 40 என்று ஒதுக்கீடு. பணம் திரும்ப வாங்கிக்கொண்டு போன பையன்கள் இதற்காகவாவது உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த குறை, நம் ஆட்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட இல்லை என்பதுதான். சோழர் தூது 1015, 1033, 1077 என்று சோங் அரசவைக்குப் போயிருக்கிறது, கடைசித் தூதில் 72 பேர், காணிக்கை என்று கொடுத்துவிட்டுச் செப்புக் காசாக வாங்கிவந்தார்கள், அது வியாபாரம்தான். சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, அங்கே சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். மிங் அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையில் காலியில் வைத்த 1409-ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. சுங்க அலுவலகம், கடல் வணிக வரி என்று பேசும்போது இதையெல்லாம் இழுக்காமல் எப்படி விட முடிகிறது? பத்மநாபபுரம் அரண்மனையில் சீன வியாபாரிகள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலியையும் பெரிய சீன ஜாடிகளையும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்க்காத பிள்ளை இந்த மாவட்டத்தில் உண்டா? நேரில் கேட்டேன், "அது கலாச்சாரம், நம்ம பாடம் நிர்வாகம்" என்றார். எனக்கு ஒப்பவில்லை.

மிங் அரசின் பதிவேடுகள் பற்றிய வகுப்பு மட்டும் இதற்கெல்லாம் ஈடு கட்டியது. 1381-இல் நாடு முழுக்க 110 வீடுகளை ஒரு தொகுதியாகக் கட்டி, அதில் வசதியான 10 வீடுகள் முறை வைத்து வருஷத்துக்கு ஒன்று வரி வசூல் பொறுப்பு. வீட்டுக்கணக்குக்கு மஞ்சள் அட்டைப் பதிவேடு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஒரு பிரதியை நான்ஜிங் ஏரித் தீவில் பூட்டி வைப்பார்கள், தீப்பிடிக்கக்கூடாது என்று. நிலத்துக்கு வேறு பதிவேடு, ஒவ்வொரு துண்டையும் அளந்து படம் போட்டு அடுத்தடுத்து ஒட்டியிருப்பதால் அதற்கு மீன் செதில் பதிவேடு என்று பெயர். சார் அந்தப் படத்தைத் திரையில் போட்டதும் எங்கள் புல வரைபடத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் நூறு வருஷத்தில் புதுப்பிப்பது என்பது பழையதைப் பார்த்து எழுதுவதாக மாறிவிட்டது, செத்தவன் பெயர் ஓடுகிறது, விற்ற நிலம் பழையவன் பெயரில் நிற்கிறது. உச்சம் என்னவென்றால், கடைசி மிங் அரசர் சோங்ஜெனின் ஆட்சி 1644-இல் பதினேழாம் ஆண்டோடு முடிந்துபோனது, அவருடைய இருபத்துநான்காம் ஆண்டுக்கான பதிவேட்டை எழுத்தர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். வகுப்பில் ஒரே சிரிப்பு. எங்கள் குடும்ப நிலத்துப் பட்டாவில் தாத்தா பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது, மாற்றுவதற்கு நடையாய் நடந்தாயிற்று, அதனால் நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

மிங் அரசின் தலைமை அமைச்சர் ஜாங் ஜூஜெங் 1581-இல் நாடு முழுக்கப் பல வரிகளை ஒன்றாகச் சுருட்டி வெள்ளியாக வாங்கியது, அந்த வெள்ளி ஜப்பானிலிருந்தும் மணிலா வழியாக அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வந்தது என்பதெல்லாம் சரியாக இருந்தது, வேகம்தான் கொஞ்சம் அதிகம். வெள்ளி வந்ததன் தொடர்ச்சியாக சிங் காலத்து மாவட்ட அதிகாரியின் கதை. சுமார் 1,300 மாவட்டங்கள், 1850 வாக்கில் 40 கோடிக்கு மேல் ஜனம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி, சொந்த மாகாணத்தில் வேலை கிடையாது, ஊர்ப் பேச்சுகூடப் புரியாது, அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு 45 டேல் வெள்ளி, டேல் என்பது சீனத்து எடை அளவு. கீழே இருக்கிற எழுத்தரும் சேவகரும் உள்ளூர்க்காரர்கள், தலைமுறையாக அதே வேலை, வருகிறவர்களிடம் வாங்கித்தான் பிழைப்பு. வரியாக வந்த சில்லறை வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கும்போது கொஞ்சம் சேதாரமாகும் என்று சொல்லி அதற்கும் கூடுதலாக வாங்குவார்கள், சேதாரம் குறைவு, வாங்கியது நிறைய. 1724-இல் யோங்ஜெங் அரசர் அந்தச் சேதாரக் காசை வெளிப்படையாக்கி, மாகாணத்தில் சேர்த்து, அதிலிருந்து அதிகாரிகளுக்கு நேர்மையாக இருப்பதற்கென்றே தனிப் படி கொடுத்தார். சார் இதை மகத்தான சீர்திருத்தம் என்று கொண்டாடினார். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் அதற்கு மேலேயே புதுப்புது மாமூல்கள் முளைத்தன என்பதை நோட்ஸின் ஒரு மூலையில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறார், அதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

வரி கட்டியவர்கள் பக்கமும் கொஞ்சம் மெலிவு. தாங் காலத்தில் ஆண் தலைக்கு வாங்கிய துணியை நெய்தது யார் என்று வங்கி அக்கா கேட்டார். நூற்றதும் நெய்ததும் பெண்கள், பதிவேட்டில் இருப்பது ஆண் பெயர். சார் யோசித்து, அடுத்த வாரம் அதற்கென்று அரை மணி ஒதுக்கிப் பேசினார், அந்தக் குணம் எனக்குப் பிடித்தது. ஆனால் கடைசி எழுபது வருஷத்தை, அபினி யுத்தம், 1853-இல் வழியில் போகிற சரக்குக்கெல்லாம் போட்ட வரி, 1901-இல் வெளிநாடுகள் கேட்ட 45 கோடி டேல் நஷ்டஈடு, எல்லாவற்றையும் ஒரே மாலையில் ஓட்டிவிட்டார். அந்த நஷ்டஈட்டுக்கு ஈடாக வைத்ததில் உப்பு வரியும் உண்டு என்று சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டது.

மற்றபடி வசதி எப்படி என்றால், மாடி செங்குத்து, முட்டுவலி உள்ளவர்கள் யோசியுங்கள். ஒரு ஃபேன் ஓடும், ஒன்று ஓடாது, ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹார்ன், மூடினால் புழுக்கம். இடைவேளையில் கட்டன்சாயாவும் ரசவடையும் உண்டு, ரசவடை நன்றாகவே இருக்கும். நோட்ஸில் அச்சுப்பிழை தாராளம், ஜாங் ஜூஜெங் இறந்த 1582 அதில் 1528 ஆகியிருக்கிறது, அப்படிப் பார்த்தால் மனிதர் செத்து ஐம்பது வருஷம் கழித்து வரிச் சீர்திருத்தம் செய்திருக்கிறார். வரைபடங்கள் மட்டும் கலரில், நல்ல தாளில்.

அடுத்த தொகுதிக்கு ஆள் சேர்க்கிறார்கள். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் போகிறவர்களுக்கு வகுப்பு முடிந்ததும் பஸ் கிடைக்கும், உள்கிராமம் என்றால் பைக்கில் வருவது நல்லது, கீழே நிறுத்த இடம் இருக்கிறது. கட்டணத்தை இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். ரசீது கேட்டால்தான் எழுதுவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.